சோனாபாயின் மண் ஜாலி

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வராந்தா மேற்கு பார்த்தது. ஏப்ரல் வந்தால் பச்சை நிழல்வலை கட்டுவேன். வெயில் குறையும், கூடவே காற்றும் குறைந்துவிடும். வேறு வழி இருக்கிறதா என்று தேடப்போய்த்தான் சோனாபாய் ரஜவார் என்ற பெயரில் வந்து நின்றேன். அப்புறம் வராந்தாவை மறந்துவிட்டு நாலைந்து ராத்திரி அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

சர்குஜா மாவட்டம், புஹ்புத்ரா கிராமம். அன்று மத்தியப் பிரதேசம், இன்று சத்தீஸ்கர். 1950களில், கைக்குழந்தையோடு இருந்த சோனாபாயைக் கணவர் ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டிலேயே வைத்துவிட்டார். அவர் வெளியே போகக் கூடாது, யாரையும் பார்க்கவும் கூடாது. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லீங்க, சுமார் 15 வருஷம்.

பிள்ளைக்கு விளையாட ஏதாவது வேண்டுமே! களிமண்ணில் பொம்மை செய்தார். பிறகு சுவரெல்லாம் பறவை, குரங்கு, பாம்பு, மேளம் அடிப்பவர்கள். வண்ணத்துக்குச் சமையலறை மசாலாவும் மூலிகையும் மண்ணும்தான்.

அடுத்து வெயில். மூங்கிலைப் பிளந்து, வளையங்களாக வளைத்து, ஒன்றோடொன்று கட்டி, மேலே மண் பூசினார். அதுதான் ஜாலி. நிழல் விழும், துளைகள் வழியே காற்றும் வரும். இழுவிசையை மூங்கில் தாங்குகிறது, மண் அதை விறைப்பாக்குகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி செய்கிற அதே வேலை. அந்த வளையங்களில் பறவைகளையும் உட்காரவைத்தார். (எங்க வராந்தாவில் சாரல் அடிக்கும். மண் ஜாலி ஐப்பசியைத் தாண்டாது!)

1983இல் போபால் பாரத் பவனிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். தேசிய விருது வந்தது, வெளிநாடுகள் வரை பெயர் போனது. 2007இல் காலமானார்.

கட்டுரைகள் எல்லாம் இவரைச் ‘சுயமாகக் கற்றவர்’ என்று பாராட்டுகின்றன. எங்கள் துறையிலும் ‘நானே கத்துக்கிட்டேன்’ என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் நமக்குக் கூகுள் இருந்தது, சந்தேகம் கேட்கப் பக்கத்து சீட்டு நண்பர் இருந்தார். சோனாபாய் சுயமாகக் கற்றதற்குக் காரணம், கற்றுக்கொடுக்க ஓர் ஆளை வாசல்படி ஏறவிடவில்லை என்பதுதான். தனிமைதான் அவரைக் கலைஞராக்கியது என்று சிலாகிக்க எனக்கு மனசு வரவில்லை. சிறை வைத்தது ஒருவர், சிற்பம் செய்தது இன்னொருவர். பாராட்டில் இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது.

பெயர் வந்த பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? மற்றவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்.