பெட்ரோலில் எண்ணெய் கலப்பது ஏன்?
இரு வீச்சு எஞ்சினின் அமைப்பும் இயக்கமும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம், மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. சுற்றுவட்டாரத் தோப்புகளில் விளையும் தோத்தாபுரி மாம்பழங்கள் பருவ காலத்தில் இங்கு வந்து குவிகின்றன. பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு மிகவும் வேண்டப்படுவது இந்த இனமே. பழம் சந்தைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், மரங்கள் பூக்கும் வேளையில், தத்துப்பூச்சி பூங்கொத்துகளின் சாற்றை உறிஞ்சி அவற்றை உதிரச் செய்கிறது. மருந்து தெளிப்பதற்குத் தக்க நாட்கள் மிகச் சிலவே. அந்நாட்களில் தெளிப்பான் பழுதுற்று நின்றுவிடுமாயின், குடியானவருக்கு ஏற்படும் நஷ்டம் எஞ்சினின் விலையைவிடப் பன்மடங்காகும்.

நெடிதுயர்ந்த பழைய மரங்களுக்கு அதிக அழுத்தம் தரும் பெரிய பம்புகள் தேவைப்படும். இளங்கன்றுகளுக்கும் தாழ்ந்த மரங்களுக்கும் காய்கறிப் பயிர்களுக்கும், முதுகில் சுமந்து செல்லத்தக்க விசைத் தெளிப்பான்கள் போதுமானவை. இத்தகைய தெளிப்பான்களில் பலவற்றிலும், புல் வெட்டும் கருவிகள், மரம் அறுக்கும் சங்கிலி வாள்கள் ஆகியவற்றிலும் பொருத்தப்படுவது இரு வீச்சு எஞ்சின் ஆகும். பட்டறைகளில் இதனை 'டூ ஸ்ட்ரோக்' என்று அழைப்பர். இதன் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஏன் கலக்க வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. அதை அறிந்துகொண்டால், இந்த எஞ்சினின் சிறப்பு, குறை, பராமரிப்பு ஆகிய யாவும் விளங்கிவிடும்.

வீச்சு என்பது யாது?

எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அது ஒரு முறை செல்வதே ஒரு வீச்சு எனப்படும். பிஸ்டனை இணைப்புத் தண்டு கிராங்க் தண்டுடன் சேர்க்கிறது. பிஸ்டனின் மேல்கீழ் இயக்கம் இதன் வாயிலாகச் சுழற்சியாக மாறுகிறது. கிராங்க் தண்டு ஒரு முறை சுழன்றால் பிஸ்டன் இரண்டு வீச்சுகளை முடித்துவிடும்.

பெட்ரோலில் இயங்கும் எந்த எஞ்சினிலும் நான்கு செயல்கள் நடைபெற்றாக வேண்டும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே இழுத்தல், அதை அமுக்குதல், எரித்து விசை பெறுதல், புகையை வெளியேற்றுதல் என்பன அவை. மோட்டார் காரில் உள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வீச்சை ஒதுக்குகிறது. ஆகவே கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு முறை விசை கிடைக்கும். இரு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு முறை விசை கிடைத்துவிடுகிறது.

பிஸ்டனின் இரு பக்கங்களும் உழைத்தல்

நான்கு செயல்களை இரண்டு வீச்சுகளில் முடிப்பது எங்ஙனம்? பிஸ்டனின் மேற்புறத்தை மட்டுமின்றி அடிப்புறத்தையும் வேலை வாங்குவதே இதன் உபாயம். உருளைக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் பெட்டியைக் காற்றுப் புகாவண்ணம் அடைத்துவிட்டால், அதுவே ஒரு பம்பாகிவிடும். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1891-இல் இத்தகைய எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடன் பணியாற்றிய பிரெடரிக் காக் 1892-இல் அதனை மேலும் எளிதாக்கி, வால்வுகளே வேண்டாதபடி செய்தார். உருளையின் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே திறக்கவும் மூடவும் செய்தது.

பிஸ்டன் மேலே செல்லும்போது, அதற்கு மேலுள்ள கலவை அமுக்கப்படுகிறது. அதே நேரத்தில் கீழே கிராங்க் பெட்டியில் அழுத்தம் குறைவதால், கார்பொரேட்டரிலிருந்து புதிய கலவை அதனுள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் உச்சியை அடையும் தறுவாயில் ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்ப, கலவை தீப்பற்றுகிறது.

எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதுவே விசை வீச்சு. கீழிறங்கும் பிஸ்டன் கிராங்க் பெட்டியிலுள்ள புதிய கலவையை அமுக்குகிறது. சிறிது தூரம் இறங்கியதும் புகை செல்லும் துவாரம் திறக்கிறது. எரிந்த வாயு சைலன்சர் வழியே வெளியேறத் தொடங்குகிறது. இன்னும் சற்று இறங்கியதும் மாற்றுத் துவாரம் திறக்கிறது. அமுங்கியிருந்த கலவை அதன் வழியே மேலே பாய்ந்து, எஞ்சியுள்ள புகையைத் துடைத்துத் தள்ளுகிறது. மீண்டும் பிஸ்டன் மேலே எழுகிறது. நிமிடத்திற்கு 6,000 சுழற்சிகள் செய்யும் எஞ்சினில், இவை அனைத்தும் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன.

முக்கிய உறுப்புகள்

உருளை, பிஸ்டன், பிஸ்டன் வளையங்கள், இணைப்புத் தண்டு, கிராங்க் தண்டு, கிராங்க் பெட்டி ஆகியவை எஞ்சினின் உடல். கார்பொரேட்டர் பெட்ரோலைத் துளியாக்கிக் காற்றுடன் சேர்க்கிறது. அதற்கு முன்னுள்ள காற்று வடிகட்டி தூசியைத் தடுக்கிறது. பல எஞ்சின்களில் கார்பொரேட்டருக்கும் கிராங்க் பெட்டிக்கும் இடையே மெல்லிய தகட்டாலான ரீட் வால்வு உண்டு. உள்ளே சென்ற கலவை திரும்பி வராமல் அது காக்கிறது. பிளைவீலில் பதிக்கப்பட்ட காந்தம் கம்பிச் சுருளைக் கடந்து சுழலும்போது மின்சாரம் உண்டாகிறது. ஆதலால் பொறியை எழுப்ப பாட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்தாலே போதும். உருளையின் புறத்தே உள்ள மெல்லிய இதழ்கள் உஷ்ணத்தைக் காற்றுக்கு அளிக்கின்றன.

எண்ணெயின் காரணம்

நான்கு வீச்சு எஞ்சினின் அடிப்பாகத்தில் எண்ணெய் தேங்கி நின்று, உராயும் உறுப்புகளை நனைக்கிறது. இரு வீச்சு எஞ்சினில் அந்த இடம் கலவை செல்லும் வழியாகிவிட்டது. அங்கு எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. எனவே பெட்ரோலுடனேயே எண்ணெயை அனுப்ப வேண்டியதாயிற்று. பெட்ரோல் ஆவியாகும்போது பிரியும் எண்ணெய், பேரிங்குகளிலும் உருளைச் சுவரிலும் மெல்லிய படலமாகப் படிந்து, பின்னர் தானும் எரிந்து புகையாகிறது. எண்ணெயின்றி ஓடும் எஞ்சினில் பிஸ்டன் சூடேறி விரிந்து, உருளையைக் கீறி, இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை.

கலக்க வேண்டிய அளவை எஞ்சினைத் தயாரித்தவரின் குறிப்பேடு கூறும். 50-க்கு 1 எனில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய்; 25-க்கு 1 எனில் 40 மில்லிலிட்டர். அதிகமாக ஊற்றினால் நல்லது என்று எண்ணுவது தவறு. கூடுதல் எண்ணெய் பிளக்கிலும் புகைத் துவாரத்திலும் கரியாகப் படியும். இரு வீச்சு எஞ்சினுக்கென விற்கப்படும் எண்ணெயையே வாங்குதல் வேண்டும். தனிக் கலத்தில் அளந்து ஊற்றி, நன்கு குலுக்கிய பின்னரே எஞ்சினின் டாங்கியில் ஊற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் நிலை ஒருவாறு புலப்படும். உலர்ந்த பழுப்பு நிறம் நல்ல நிலையைக் குறிக்கும். ஈரமான கருமை, எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி என்பதைக் காட்டும். வெளுத்திருப்பின், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என அறியலாம். கிராங்க் பெட்டியின் சீல் தேய்ந்து வெளிக்காற்று நுழைவதும் இதற்கு ஒரு காரணம்.

எளிமைக்குக் கொடுக்கும் விலை

வால்வு இயக்கும் உறுப்புகள் இல்லாமையால் இந்த எஞ்சின் எடை குறைந்தது, மலிவானது. சரிந்த நிலையிலும் வழிந்தோட அதில் எண்ணெய்த் தேக்கம் இல்லை. இக்காரணங்களால் இந்தியச் சாலைகளில் ஒரு காலத்தில் இது பெரிதும் பரவியது. 1961-இல் மைசூரில் உற்பத்தியான ஜாவா மோட்டார் சைக்கிளும், 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆயினும், புதிய கலவையும் பழைய புகையும் ஒரே வேளையில் உருளைக்குள் இருப்பதால், கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறிவிடுகிறது. கார்பொரேட்டர் எஞ்சின்களில் இந்த இழப்பு நூற்றுக்கு முப்பது பங்கு வரையும் செல்லக்கூடும். எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் நகரக் காற்றைக் கெடுத்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, வாகனங்கள் நான்கு வீச்சு முறைக்கு மாறின. கிராமப்புறங்களில் பழக்கமான டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டும் 2015-இல் எக்ஸ்எல் 100 என்ற பெயரில் நான்கு வீச்சு எஞ்சினுடன் வெளிவந்தது. கையிலும் முதுகிலும் சுமக்கும் கருவிகளில்தான் இன்று இரு வீச்சு எஞ்சின் பெரிதும் நிலைத்துள்ளது. சுமப்பவரின் மூக்குக்கு மிக அருகில் அதன் புகை வெளிவருகிறது என்பதை மறத்தல் கூடாது. மூடிய கொட்டகையில் அதனை ஓடவிடுதல் உயிருக்கே அபாயம்.

பருவம் முடிந்த பின்

தெளிப்பான் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. பெரும்பாலான பழுதுகள் தோன்றுவது அப்போதுதான். நாட்பட்ட பெட்ரோல் பிசினாகிக் கார்பொரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. இந்நாளில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் மற்றோர் இடரும் உண்டு. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவுக்கு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கியின் அடியில் தனி அடுக்காகத் தங்கும். எண்ணெயோ மேலுள்ள பெட்ரோலிலேயே நின்றுவிடும். அடியிலிருந்து முதலில் எஞ்சினுக்குச் செல்வது எண்ணெயற்ற அந்த அடுக்கே அல்லவா?

ஆகவே சில நாட்களுக்கு வேண்டிய அளவே கலவை தயாரிப்பது நன்று. பருவம் முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். பின்னர் எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றி, உருளைக்குள் சில துளி எண்ணெய் விட்டுக் கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கை மீண்டும் பொருத்திவிடலாம்.

பள்ளி ஆசிரியர்கள், பட்டறையில் கழித்துப் போட்ட ஓர் எஞ்சினைப் பெற்று, பிளக்கையும் கார்பொரேட்டரையும் சைலன்சரையும் நீக்கிவிட்டுக் கையால் சுழற்றிக் காட்டலாம். துவாரங்கள் திறந்து மூடுவதை மாணவர் கண்ணால் காண்பர். பிஸ்டன் மேலெழும்போது கலவை நுழையும் வழியில் விரலை வைத்தால், அது உறிஞ்சப்படுவதையும் உணர்வர். கிராம ஊழியர்களும் குடியானவருக்கு இவ்வாறே விளக்கிக் காட்டுதல் நலம். காரணம் அறிந்தவர், எண்ணெய் அளக்கும்போது கைத்தவறு செய்வது அரிது.