நுங்கம்பாக்கத்துக் கற்றூண்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் வளாகத்தில், 15 அடி உயரமுள்ள கருங்கற்றூண் ஒன்று இன்றும் நிற்கின்றது. 1792-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் அங்கு வானசாஸ்திர நிலையம் கட்டியபொழுது கருவியைத் தாங்கும்பொருட்டு நாட்டிய தூண் அது. ஆசியாக் கண்டத்தில் கணித சாஸ்திரம் முதன்முதல் பிரிட்டிஷாரின் தாராள குணத்தால் ஊன்றப்பட்டதென்பதை ஆயிரம் ஆண்டுகட்குப் பின் வருவோரும் அறிதல்வேண்டுமாம், அவ்வாறு எழுதிவைத்தார்கள். ஆரியபட்டரும் பாஸ்கரரும் பிறந்த தேசத்தில், அதனைத் தமிழிலும் பொறித்தார்களே, அதுவன்றோ விந்தை!

இதற்கு மறுப்புரைத்த சாக்ஷி, அந்நிலையத்திலேயே உத்தியோகம் வகித்த ஜான் வாரன் துரைதான். புதுவையில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், ஏடு எழுத்தாணி யாதுமின்றித் தரையில் சோழிகளை வைத்து, மனனம் செய்த வாக்கியங்களைக்கொண்டே 1825-ம் வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவரே எழுதியுள்ளார். கிரகணத் தொடக்கத்தில் பிசகு 4 நிமிஷமே. முடிவில் 52 நிமிஷம் பிசகிற்று என்பதையும் நாம் மறைத்தல் வேண்டா. முன்னோர் கணக்கை வானத்தோடு ஒப்புநோக்கித் திருத்தும் வழக்கம் நம்மவரிடை அருகிப்போயிற்று. பிசகு அதன் பயன்.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். நுங்கம்பாக்கத்தில் போக்ஸன் துரையின்கீழ் உதவியாளராயிருந்த இவர், 1867-ல் ரெட்டிகுலம் என்னும் தென்திசை மண்டலத்தில், ஒளி கூடியும் குறைந்தும் வரும் நக்ஷத்திரமொன்றைக் கண்டறிந்தார். 1872-ல் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அங்கத்தினரானார். இவற்றினும் நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று: 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்துசெல்லவிருந்தபொழுது, அதன் காரணத்தை நம் நாட்டு மொழிகளில் பொதுஜனங்களுக்கு விளக்கி நூல் வெளியிட்டார், கண்ணாற் கண்டதற்கு இசையப் பஞ்சாங்கத்தைத் திருத்துமாறும் வாதாடினார். 1880-ல் காலமானார்.

அந்நிலையம் கணித்த நேரமே அக்காலத்து ரயில் கடிகாரங்களை ஆண்டது. திருவள்ளூர், செவ்வாப்பேட்டை மார்க்கத்து வண்டிகள் சென்னை நேரப்படியே ஓடின. இந்தியப் பொதுநேரம் 1906-ல்தான் வந்தது. 1899-ல் வானாராய்ச்சி கோடைக்கானலுக்கு மாறிற்று. 1986-ல் காவலூரில் இந்தியரே செய்த 93 அங்குலத் தூரதர்சினி திறக்கப்பட்டு, வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. மிகத் தகும். ரகுநாதாசாரியாரின் பெயரையும் அவர் கண்ட நக்ஷத்திரத்தையும் நம் பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடப்புஸ்தகங்களில் சேர்க்கும்படி சர்க்காரைக் கேட்கிறோம்.