தேசத்தின் வைத்தியர் டாக்டர் அன்ஸாரி

ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாடியைப் பார்த்த கையே தேசத்தின் நாடியையும் பார்த்தது என்று டாக்டர் முக்தார் அகமது அன்ஸாரியைப் பற்றிச் சொன்னால் அது மிகையாகாது.

1880-ல் காஜிப்பூர் ஜில்லாவில் பிறந்த அன்ஸாரி, சீமையில் உயர்ந்த வைத்தியப் பட்டங்கள் பெற்று, லண்டன் சாரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் பணி புரிந்தார். பின்பு டில்லியில் தொழில் நடத்தினார். 1912-ல் பால்கன் யுத்தத்தில் காயமுற்ற துருக்கி வீரர்களுக்குச் சிகிச்சை செய்ய ஒரு வைத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்துச் சென்றார். பொது வாழ்வுக்கு அதுவே வாயிலாயிற்று. 1920-ல் முஸ்லிம் லீகுக்கும், 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கும் அவர் அக்கிராசனர்.

1924-ல் வகுப்புக் கலவரங்களால் மனம் நொந்து காந்தியடிகள் டில்லியில் 21 நாள் உபவாசமிருந்தார். அருகிலிருந்து அவர் உயிரைக் காத்த வைத்தியர்களுள் அன்ஸாரி ஒருவர். ஒற்றுமைக்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

1931-ல் இர்வின் பிரபுவுடன் சமரசம் பேசியபோது காந்தியடிகள் தங்கியது அன்ஸாரியின் இல்லத்தில்தான். அவ்வாண்டே வட்டமேஜை மகாநாட்டுக்கு அன்ஸாரியையும் அழைக்க வேண்டுமென்று அடிகள் வற்புறுத்தினார். சர்க்கார் இணங்கவில்லை. முஸ்லிம்கள் அனைவரும் காங்கிரஸுக்கு மாறானவர் என்று உலகுக்குக் காட்ட விரும்பியோருக்கு அவர் வருகை இடைஞ்சலன்றோ!

1936 மே மாதத்தில், முஸ்ஸோரியிலிருந்து திரும்புகையில் ரயிலிலேயே அவர் உயிர் பிரிந்தது. தாம் வளர்த்த ஜாமியா மில்லியா கலாசாலையில் அடக்கமானார். பதினொரு ஆண்டுகளில் தேசம் இரண்டாயிற்று. வகுப்புத் துவேஷம் என்னும் அந்நோய் இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவர் கண்ட மருந்தன்றி வேறு மருந்தும் இல்லை.