வண்டி வாடகையைக் கட்டுவது யார்?

தாராபுரத்துக்கு ரயில் கிடையாது. ஈரோட்டிலிருந்து இந்த ஊர் வழியாகப் பழனிக்குப் பாதை போடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் விளையும் சின்ன வெங்காயமும் தக்காளியும் மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்காயும் வெளியே போக வேண்டுமென்றாலும், கலபுரகியின் துவரம்பருப்பும் குண்டூர் மிளகாயும் நாசிக்கின் பெரிய வெங்காயமும் கடைவீதிக்கு வர வேண்டுமென்றாலும் கடைசியில் டீசல் வண்டியில்தான் ஏற வேண்டும். ஆகவே டீசல் விலை மளிகைச் செலவை என்ன செய்கிறது என்று பார்க்க இது பொருத்தமான ஊர். டீசல் ஏறினால் சாமான் விலை ஏறும் என்பது பொதுவான பேச்சு. அது பாதிக் கணக்குதான். அந்தச் செலவில் கணிசமான பங்கு, பொருள் கடைக்கு வருமுன்பே விளைவித்தவரின் கைக்காசிலிருந்து கழிந்துவிடுகிறது. அங்காடி விலையை மட்டும் பார்க்கிறவர்களின் கண்ணில் இந்தப் பங்கு படுவதில்லை.

முதலில் கடைப் பக்கத்துக் கணக்கு. நாசிக்கிலிருந்து தாராபுரம் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். 18 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 350 லிட்டர் வேண்டும். லிட்டர் 94 ரூபாய் என்றால் சுமார் 33,000 ரூபாய். வெங்காயத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் 80 காசுக்குக் கொஞ்சம் மேல். டீசல் ஒரேயடியாகப் பத்து ரூபாய் ஏறினாலும் கிலோவுக்குக் கூடுவது 20 காசு. கலபுரகித் துவரம்பருப்புக்கு இதே முறையில் பார்த்தால் டீசல் செலவு கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய் அளவில் நிற்கும். கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பருப்பில் அது நூற்றில் ஒரு பங்கு. சுங்கக் கட்டணம், டயர், காப்பீடு, ஓட்டுநர் சம்பளம், இடையில் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எல்லாம் இதற்கு மேல் சேரும். ஆனாலும் பருப்பு டப்பாவின் விலையை உயர்த்தியது டீசல்தான் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது.

இப்போது வயல் பக்கம் வருவோம். குண்டடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாராபுரத்துக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குட்டியானை வண்டி போய்வர 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் டீசல் 250 ரூபாய். வண்டி நிறைய 700 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 36 காசுதான். சிறு விவசாயியிடம் ஒரு நாள் பறிப்பில் 140 கிலோ தக்காளிதான் இருக்கிறது என்றால், அதே டீசல் கிலோவுக்கு ஒரு ரூபாய் 80 காசாக விழுகிறது. நாசிக்கிலிருந்து 1,400 கிலோமீட்டர் வரும் வெங்காயத்துக்கு ஆகும் டீசலும், இருபது கிலோமீட்டர் தள்ளி விளைந்த தக்காளிக்கு ஆகும் டீசலும் ஒன்றாகிவிடுகின்றன. தூரத்தைவிடச் சுமையின் அளவுதான் இங்கே செலவைத் தீர்மானிக்கிறது. மண்டியில் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு விழும் நாளில், இந்த ஒரு ரூபாய் 80 காசு அவருடைய வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். விலை சரியும்போது பறிக்காமல் செடியிலேயே விடுவதும், கொண்டுவந்ததைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் இந்தக் கணக்கினால்தான். பறிப்புக் கூலியும் வாடகையும் சேர்ந்தால் விற்ற காசு போதாது.

அப்படியானால் அவர் வாடகையை விலையில் சேர்த்து விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். விற்க முடியாது, ஏனென்றால் விலை அவர் கையில் இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குக் காய் அனுப்பும் வியாபாரி, எர்ணாகுளத்தில் என்ன விலை போகும் என்பதிலிருந்து தொடங்கி, லாரி வாடகையையும் தன் லாபத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் இங்கே விலையாகச் சொல்கிறார். டீசல் ஏறினால் எர்ணாகுளத்தில் உடனே விலை ஏறிவிடாது. ஒட்டன்சத்திரத்து விலைதான் இறங்கும். காய் வரத்து குறைவான காலத்தில் இந்தச் சுமை வாங்குகிறவர் பக்கம் நகரும். வரத்து பெருகும் காலத்தில் விளைவித்தவர் பக்கம் சாயும். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சில மாதம் காத்திருக்கலாம். தக்காளிக்கு அந்த வசதி இல்லை. தக்காளிக்கு மக்கள் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது ஏறக்குறைய 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்று 2024இல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுகள் மதிப்பிட்டன. டீசல் உயர்வு அந்த 33 காசைத்தான் முதலில் அரிக்கிறது.

வயலுக்குள்ளேயும் டீசல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் இதற்கு அடித்தளம். அதனால் இறைவைச் செலவில் டீசல் பெரிதாக இல்லை. ஆனால் டிராக்டர் உழவுக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகையில் டீசல் முழுதாக நிற்கிறது. எரிபொருள் விவசாயிக்கு உதவும் இடமும் ஒன்று உண்டு என்பதை மறைக்கக்கூடாது: பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியபின் அதற்குக் கிராக்கி கூடியது. விளைவிப்பவருக்கு அது நல்லது. பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கும் தீவனச் செலவு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு 2023 ஜூலையிலிருந்து வருகிறது. 2022 மே முதல் 2024 மார்ச் வரை பம்பில் டீசல் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனால் நடுவில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. மழையும் வரத்தும்தான் விலையை ஆட்டுகின்றன, டீசல் அல்ல என்று இதை வைத்துச் சொல்லலாம். உண்மைதான். கடை விலையின் பெரிய ஏற்ற இறக்கங்களை டீசலால் விளக்க முடியாது. என்றாலும் நூறு ரூபாய் வருஷத்தில் சில வாரம் வருகிறது. எட்டு ரூபாயும் பத்து ரூபாயும் அடிக்கடி வருகின்றன. அந்தச் சாதாரண வாரங்களில்தான் வாடகை ஆளைச் சாய்க்கிறது.

வரியைக் குறைத்தால் போதுமா? 2020 மே மாதம் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்கு விழுந்திருந்தபோது மத்திய அரசு டீசல் மீது லிட்டருக்கு 13 ரூபாய் வரி கூட்டியது. உலகச் சந்தையின் இறக்கம் வண்டிக்காரருக்கு வந்து சேரவில்லை. 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்தார்கள். அது நியாயமான குறைப்பு, இன்னும் குறைத்தாலும் வரவேற்பேன். ஆனால் லிட்டர் கணக்கில் தரும் சலுகை 18 டன் லாரிக்கும் சொகுசுக் காருக்கும் 140 கிலோ ஏற்றிய குட்டியானைக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. அரசின் வருமானம் குறைகிறது என்ற எதிர்வாதமும் அங்கே பலம் பெறுகிறது. சிறு சுமைக்கு நேரடியாக உதவும் முறை ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. 1999 நவம்பரில் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது, விவசாயிகள் காயை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவர வழி செய்தார்கள். எப்படியும் ஓடப்போகும் பேருந்து அது. கூடையை ஏற்றுவதால் கூடுதல் டீசல் பெரிதாக ஆகாது. தாராபுரம் உழவர் சந்தைக்கு மூலனூரிலிருந்தும் குண்டடத்திலிருந்தும் விடிகாலையில் குறித்த நேரத்தில் பொது வண்டி ஒன்று விட உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வேளாண் வணிகத் துறையோ முன்வந்தால், ஐந்து பேரின் 140 கிலோ சேர்ந்து 700 கிலோ ஆகிறது. வரியில் ஒரு பைசா குறையாமலே, ஒரு ரூபாய் 80 காசு 36 காசாகிறது.