படித்ததெல்லாம் எங்கே போகிறது?

கடல் நீர்நாயைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை. சூரியனைப் பற்றி இன்னொன்று. இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் படித்துவிடக்கூடியவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இவற்றை வைத்துக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஒரு குழு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தது. நான்கு அமர்வுகளில் சராசரியாக 14 தடவை. இன்னொரு குழுவுக்கு ஒரே ஒரு அமர்வுதான் படிக்கக் கிடைத்தது. அதில் மூன்று நான்கு தடவை படித்திருப்பார்கள். மீதி மூன்று அமர்விலும் கட்டுரையைக் கண்ணில் காட்டவே இல்லை. வெள்ளைத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். தப்பா சரியா என்றுகூடச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, 14 தடவை படித்தவர்களே ஜெயித்தார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ கணக்கு தலைகீழானது. படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான்.

பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் எந்த வீட்டிலும் நடப்பது இதுதான். புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஹைலைட்டர் கோடு. மூன்றாவது ரிவிஷன் ஓடுகிறது. பக்கத்தைப் புரட்டினால் எல்லாமே தெரிந்த முகமாக இருக்கிறது. தேர்வறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தின் எந்த மூலையில் பதில் இருந்தது என்பதுவரை நினைவுக்கு வருகிறது. பதில் மட்டும் வருவதில்லை. பிள்ளை ஏமாற்றவில்லை. உண்மையாகவே படித்திருக்கிறது. பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன ஊர்தான். ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் எந்த முக்கில் திருப்புவது என்று திகைக்கிறோம், அந்த மாதிரி.

2013-இல் ஜான் டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், மாணவர்கள் கையாளும் பத்து படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். அடிக்கோடு போடுவதும் மறுபடி படிப்பதும் குறைந்த பயனுள்ள வரிசையில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டுக்கு மட்டுமே உயர்ந்த மதிப்பு கிடைத்தது.

இடைவெளி விஷயம் புதிதல்ல. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைக் கோத்து, தன்னையே சோதனைக்கு உட்படுத்தி மனப்பாடம் செய்து பார்த்து, 1885-இல் அதைப் புத்தகமாக்கினார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் பேயாட்டம் ஆடுகிறது, பிறகு நிதானமாகிவிடுகிறது என்று காட்டியவர் அவர். ஒரே மூச்சில் 68 தடவை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்துவிட்டது என்பதையும் அவரே குறித்து வைத்திருக்கிறார். விடிய விடியப் படிக்கும் கலாசாரத்துக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கணக்குக்கு இன்னொரு சங்கதி சேர்கிறது. பத்தாம் வகுப்பு அளவியலை எடுத்துக்கொள்வோம். உருளைக்கு வரிசையாகப் பத்து கணக்கு, அடுத்து கூம்புக்குப் பத்து, பிறகு கோளம். இரண்டாவது கணக்கிலிருந்து எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். எண்களைத் தூக்கிப் போட்டால் விடை வந்துவிடும். தேர்விலோ எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைக் கன உருவங்களின் கொள்ளளவுக் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகவும் மற்றொரு குழு கலந்தும் போட்டன. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து? முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63.

பயிற்சியில் திணறுகிறவன் தேர்வில் நிற்கிறான் என்பதை ஏற்க ஆசிரியருக்கும் மனம் வராது, பெற்றோருக்கும் வராது. வகுப்பு சிக்கலில்லாமல் ஓடினால்தான் எல்லாருக்கும் திருப்தி.

பார்க்காமல் சொல்லிப் பழகும் விஷயத்தில் நம் திண்ணைப் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. எண்சுவடியைச் சட்டாம்பிள்ளையாக இருந்த மூத்த மாணவனின் முன்னால் ஒப்பிக்காமல் அங்கே தப்ப முடிந்ததில்லை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகள் அனாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். அவருடைய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், வேலை நடந்தது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்த வழியைப் பற்றி 1797-இல் லண்டனில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்று பல நாடுகளுக்குப் பரவியது. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமே என்ற சிக்கனக் கணக்குதான் பலரையும் அதன்பால் இழுத்தது. சொல்லிக் கொடுக்கிற பையனுக்கும் பாடம் ஊன்றுகிறது என்பது அதைவிடப் பெரிய லாபம்.

திண்ணைப் பள்ளியின் பிரம்பு நமக்கு வேண்டாம். புரியாததை ஒப்பிப்பதும் வேண்டாம். ஆனால் மனப்பாடத்தை விரட்டுகிற வேகத்தில், பார்க்காமல் சொல்லிப் பழகும் நல்ல வழக்கத்தையும் சேர்த்து விரட்டிவிட்டோம். நம் பள்ளிகளில் ஸ்லிப் டெஸ்ட் இருக்கிறது, ஆனால் மதிப்பெண் போட்டு அதட்டுவதற்குத்தான் பயன்படுகிறது. மதிப்பெண் இல்லாமல், வகுப்பு தொடங்கும்போது நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று என்று மூன்று கேள்வி கேட்டு, உடனே விடையைச் சரிபார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தப்பாக நினைவில் பதிந்தது அப்படியே இறுகிவிடக் கூடாது என்பதால் அந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்க முடியாது.

வீட்டிலும் செய்யலாம். புக் பேக் கேள்விகளைப் பாடம் படித்து முடித்த கையோடு பார்க்காமல், இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அப்படி நினைவுபடுத்திக்கொண்டிருக்கிற பிள்ளை, கையில் புத்தகம் இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிற அம்மா, "படிக்காம என்னடா வேடிக்கை பாத்துட்டிருக்க?" என்று ஒரு சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.