பொறுமை பழக்கும் பொம்மை

ஜப்பானில் 1979 ஏப்ரலில் தொடங்கிய 'மொபைல் சூட் கன்டம்' என்னும் தொலைக்காட்சித் தொடர், காண்போர் குறைந்தமையால், 43 அத்தியாயங்களோடு 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதன் ராட்சத யந்திர வீரன் மறையவில்லை. அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம், கதையில் 18 மீட்டர் உயரமுள்ள அவ்வீரனை 144-இல் ஒரு பங்காகச் சுருக்கி, 300 யென் விலையில் பொம்மைத் தொகுதியாக வெளியிட்டது. அதனை வாங்கச் சிறுவர்கள் கடைகளில் திரண்டனர்.

பெட்டிக்குள் இருப்பவை சட்டத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் உறுப்புகளே. தொடக்கத்தில் பசை வேண்டியிருந்தது. இக்காலத்தவை பெரும்பாலும் அழுத்திப் பொருத்தினாலே நிற்கும். ஒவ்வோர் உறுப்பையும் இருமுறை வெட்டுதல் நன்று: முதலில் சற்றுத் தள்ளி, பின்னர் ஓரத்தை ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் அவ்விடம் வெளுத்துவிடும். எஞ்சிய பிசிறை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம்.

ஒன்றைக் கட்டி முடித்த பின்னரே அடுத்ததை வாங்குதல் என்று வீட்டில் விதி செய்துகொள்வோம். பிரிக்காத பெட்டிகள் அடுக்கடுக்காய்ச் சேர்வதால் பயனில்லை. 'வீண் செலவு' என்று கடிந்துகொள்ளுமுன், பிள்ளையின் அருகே ஒரு மணி நேரம் அமர்வோம். இரவுப் பணியும் ஊர் மாற்றமுமாக வாழும் நமக்கு, மக்களோடு ஒரே மேசையில் இருக்கும் பொழுது அரிதன்றோ!