எங்கே தேயும், ஏன் தேயும்?

கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் நீளமான ஒரு தகட்டு நெம்புகோல் உண்டு. மேலே இருந்தால் பூட்டு. நடுவில் நிறுத்தினால் தொடர்ந்து சுடும், அடியில் இறக்கினால் ஒவ்வொன்றாகச் சுடும். வீரர் அதை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் தகட்டின் முன்பகுதி துப்பாக்கியின் உடலை உரசிக்கொண்டே நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் புழங்கிய கலாஷ்னிகோவின் பக்கவாட்டில் பிறை வடிவத்தில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்திருப்பது இதனால்தான். கறுப்புப் பூச்சு அந்த வளைவில் மட்டும் போய், அடியிலிருக்கும் எஃகு தெரியும்.

விளையாட்டுக்காகச் செய்யப்படும் ஏர்சாஃப்ட் போலித் துப்பாக்கிகளை நெடுநாள் புழங்கியவைபோல மாற்றுவது ஒரு தனிக் கைவினை. அதற்கு இந்தப் பிறைக்கீறலைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. கீறலுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம்தான் அதன் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்துக் கண்ட இடத்தில் தேய்த்தால் துப்பாக்கி பாழானதாகத் தெரியுமே தவிரப் பழசாகத் தெரியாது. எந்தப் பாகம் எதன்மீது உரசியது, எந்தக் கை எங்கே பிடித்தது, தோள்வார் எங்கே தொங்கியது என்று யோசித்துத் தேய்ப்பவரின் வேலையை அசலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பிரித்தறிவது கடினம்.

ஏர்சாஃப்ட் பிறந்தது ஜப்பானில். 1958இல் வந்த சட்டத்தின்படி அங்கே சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. துப்பாக்கிகளின் அமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்காக 1960களில் உலோக மாதிரிகள் கடைக்கு வந்தன. அவை அசலை அப்படியே உரித்துவைத்திருந்ததால், உலோக மாதிரிக் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்று 1971இல் சட்டம் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக்கின் பக்கம் திரும்பினார்கள். அந்த வழியில் வந்ததுதான் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் ஏர்சாஃப்ட். 1991இல் டோக்கியோ மருய் நிறுவனம் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபாமாஸ் துப்பாக்கியின் வடிவில், மின்மோட்டாரால் இயங்கும் மாதிரியை வெளியிட்டது. அதன் பிறகு வந்த மின்மாதிரிகள் இந்த விளையாட்டைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோயின. குண்டு பெரும்பாலும் 0.2 கிராம் எடைதான் இருக்கும். 2006ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் 6 மி.மீ. குண்டின் ஆற்றல் ஒரு ஜூல் அளவைக்கூடத் தொடக் கூடாது.

பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஏர்சாஃப்ட் ஏன் பொம்மையாகத் தெரிகிறது? அளவு பெரும்பாலும் அசலின் அளவே. நிறத்திலும் பெரிய குறை இல்லை. பளபளப்புதான் காட்டிக்கொடுக்கிறது. அசலில் எஃகு, அலுமினியம், மரம், பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாகத் திருப்பும். போலியில் எல்லாவற்றின்மீதும் ஒரே கறுப்பு, ஒரே மினுமினுப்பு. போதாததற்கு, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு ஓடும். எந்த ஆயுதத் தொழிற்சாலையிலும் எஃகில் அப்படி ஒரு வரப்பை விட்டுவைக்க மாட்டார்கள். 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை படிப்படியாக அதை இழைத்து எடுத்துவிட்டாலே பாதிப் பொம்மைத்தனம் போய்விடும்.

இழைப்பதற்கு முன் துப்பாக்கியை முழுதாகப் பிரித்து, உள்குழலையும் குண்டுக்குச் சுழற்சி தரும் ரப்பரையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். வெளிப்பாகங்களைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவிக் காயவைத்தால் எண்ணெய்ப்பசை போய்ப் பெயின்ட் பிடிக்கும். அசிட்டோனைத் தொடவே கூடாது. பெரும்பாலான ஏர்சாஃப்ட் உடல்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும்.

இனி, எங்கே தேய்ப்பது? பழைய நாணயம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மேடான பகுதிகள் பளபளக்கும், எழுத்துகளின் ஓரத்துப் பள்ளங்களில் கறுப்பு அடைந்திருக்கும். துப்பாக்கியிலும் இதுவே விதி. மீதி விடை அது புழங்கிய விதத்தில் இருக்கிறது. தோலுறையில் செருகி எடுக்கப்பட்ட கோல்ட் 1911 கைத்துப்பாக்கியில் முதலில் வெளுப்பது குழல்முனையின் இருபுறமும், குறிபார்க்கும் முள்ளின் உச்சியும். தோளில் தொங்கிய நீள்துப்பாக்கியில் வாரின் உலோக வளையம் ஆடி ஆடி இடித்த இடத்தில், மரக்கட்டையில் சிறு பள்ளங்கள் கூட்டமாக விழுந்திருக்கும். தோட்டாப்பெட்டி நுழையும் வாயின் விளிம்பு, அவசரத்தில் தவறிக் குத்திக் குத்திக் கீறியிருக்கும். விசையின் முகப்பு விரல் பட்டு வழவழப்பாகியிருக்கும். விசைக்காப்பு வளையத்தின் உள்மூலைக்கு விரலும் போவதில்லை, தரையும் எட்டுவதில்லை. அங்கே ஆரம்பக் கறுப்பு அப்படியே இருக்க வேண்டும். நன்றாகச் செய்யப்பட்ட ஒரு போலியில் நான் முதலில் தேடுவது இப்படித் தொடாமல் விடப்பட்ட இடங்களைத்தான்.

தேயும் இடத்தைவிடத் தேயும் விதம் நுட்பமானது. பலர் சறுக்குவது இங்கேதான். பழைய எஃகுத் துப்பாக்கிகளின் கருநீல நிறம் பெயின்ட் கிடையாது. காரக் கரைசலில் கொதிக்கவைத்து எஃகின் மேற்பரப்பிலேயே உருவாக்கப்படும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்ஸைடின் மிக மெல்லிய படலம் அது. அது உரியாது, செதில் செதிலாகக் கழன்று விழாது. கருநீலம் மெல்ல மெல்லச் சாம்பலாகி, எஃகின் வெண்மைக்குள் கரையும். எல்லைக்கோடு எங்கே என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கத் துப்பாக்கிகளில் இருப்பது பாஸ்பேட் பூச்சு. சொரசொரப்பான சாம்பல் நிறம், எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை, தேய்ந்த இடத்தில் வழவழப்பு. பெயின்ட் மட்டும்தான் கூர்மையான விளிம்போடு பெயரும்.

வியட்நாம் போரில் பெயர்பெற்ற எம்-16 துப்பாக்கியின் உடல் அலுமினியம், குழல் எஃகு. அலுமினியத்தின்மீது மின்வேதி முறையில் கெட்டிப்படுத்திய ஆக்ஸைடு படலம் இருக்கிறது. மூலைகளில் அது தேய்ந்தால் வெளிறிய வெள்ளிச் சாம்பல் தெரியும். அலுமினியம் ஒருநாளும் செந்துரு பிடிக்காது. எம்-16 மாதிரியின் உடலெங்கும் பழுப்புத் துருவைத் தீட்டி வைத்திருந்தால், செய்தவர் அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் படிக்கவே இல்லை என்று பொருள். அதே துப்பாக்கியின் குழலில் லேசான துருவைக் காட்டலாம், அது பொருந்தும். 1980களில் வந்த குளோக் கைத்துப்பாக்கியின் கைப்பிடி முழுக்கப் பிளாஸ்டிக். அதன் உள்ளும் புறமும் ஒரே கறுப்பு. அதன் விளிம்பில் வெள்ளிநிறம் தீட்டினால் பொய் உடனே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தேய்ந்தால் மாறுவது மினுமினுப்பு மட்டுமே. ஆகவே உள்ளங்கை படும் இடத்தை மெல்லிய துணியால் தேய்த்து மெருகேற்றினால் போதும்.

மறையும் எல்லைகளை உண்டாக்க எனக்குத் தெரிந்து பென்சில்கரியை மிஞ்சிய பொருள் இல்லை. 6பி பென்சிலின் முனையைச் சீவித் தூளாக்கி, மங்கிய கறுப்புப் பெயின்டின் மூலைகளில் விரல்நுனியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கிராஃபைட்டின் படிகங்கள் தகடு தகடாக இருப்பவை. தேய்க்கத் தேய்க்க மேற்பரப்போடு இணையாகப் படிந்து, வெளிச்சத்தை உலோகம்போலத் திருப்புகின்றன. தூரிகையின் தடமே தெரியாது. பிளாஸ்டிக்கில் உலோகத்தூளைக் கலந்து வார்த்த 'ஹெவிவெயிட்' பிசின் என்ற வகையும் ஜப்பானிய மாதிரிகளில் உண்டு. அதன் மேற்பரப்பை இழைத்து மெருகேற்றி, எஃகுக்குப் போடும் குளிர்நீலக் கரைசலையே தடவலாம். அதிலுள்ள உலோகத்தூள் வினைபுரிந்து கறுக்கும். நான் பார்த்தவற்றில் உலோகத்துக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான். விலையும் உழைப்பும் அதிகம்.

பெயின்ட் பெயர்ந்ததுபோலக் காட்டுவதற்கு ராணுவ டாங்கி மாதிரிகள் செய்பவர்கள் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். முதலில் வெள்ளிநிறம் பூசி நன்றாகக் காயவைக்க வேண்டும். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே. அது காய்ந்ததும் கறுப்பு அக்ரிலிக் பெயின்டை மெல்லியதாக அடிக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் தோய்த்த பழைய டூத் பிரஷ்ஷால் விரும்பிய மூலைகளைத் தேய்த்தால் கறுப்பு மட்டும் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். ஹேர் ஸ்ப்ரே நீரில் இளகும், மெல்லிய அக்ரிலிக் படலத்துக்குள் நீர் ஊடுருவும். உள்ளே போன நீர் நடுப்படலத்தை இளக்க, மேலே இருப்பது பிடி இழக்கிறது. கறுப்பு எனாமலாக இருந்தால் நீர் உள்ளே போகாது, வித்தை பலிக்காது. கறுப்பை அடித்துவிட்டு நாள்கணக்கில் கிடப்பில் போட்டாலும் கெட்டிப்பட்டுவிடும். அன்றே தேய்த்துவிடுவது நல்லது.

டாங்கி மாதிரிக்காரர்களிடமிருந்து கற்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அவர்களுடைய மாதிரிகள் பெரும்பாலும் 35இல் ஒரு பங்கு அளவு. அவ்வளவு சிறிய பொருளில் இயல்பான நிழல் விழாது என்பதால் பள்ளங்களில் கருஞ்சாயம் ஓட்டி நிழலைத் தீட்டுகிறார்கள், மேடுகளில் வெளிர்நிறம் ஏற்றுகிறார்கள். ஏர்சாஃப்ட் முழு அளவுடையது. அறையின் வெளிச்சமே அதில் நிழலை உண்டாக்கும். தீட்டிய நிழலையும் சேர்த்தால் மேடைநாடக ஒப்பனைபோல் உறுத்தும். நீர்த்த எண்ணெய்ச் சாயத்தைத் திருகுகளின் தலையிலும் இணைப்புகளின் இடுக்கிலும் மட்டும் ஓடவிட்டு, மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

துரு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பெரும்பாலான வேலைகளில் அது மிக அதிகம். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது வீரரின் அன்றாடக் கடமை. மண்ணுக்குள் கிடந்து எடுத்ததைக் காட்டுவதானால் துருவை அப்பலாம். கையில் ஏந்திப் போரிட்டதைக் காட்டுவதானால் ஈரம் தேங்கும் இடுக்குகளிலும், வியர்வை உப்பு படும் இடங்களிலும், மெல்லிய அடர்பழுப்பாக அது இருக்க வேண்டும். புதுத்துரு ஆரஞ்சு நிறம், பழந்துரு கரும்பழுப்பு. எண்ணெய் பட்ட துரு இன்னும் கறுத்துப்போகும். எஃகுப் பாகங்களை உப்புநீரில் நனைத்து நிஜத்துருவே பிடிக்கவைப்பவர்கள் உண்டு. வேண்டிய அளவு வந்ததும் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி நிறுத்தாவிட்டால் அது அரித்துக்கொண்டே போகும். அச்சாணிகளுக்கும் சுருள்வில்லுக்கும் பக்கத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

மரக்கட்டைக்கு வருவோம். தொழிற்சாலை வார்னிஷைச் சுரண்டி எடுத்து, சாவிக்கொத்தால் ஆங்காங்கே தட்டி, அடர்ந்த மரச்சாயத்தைப் பள்ளங்களில் இறக்கி, மேட்டிலிருந்து துடைத்த பின் ஆளிவிதை எண்ணெயை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கன்னம் சாயும் இடமும் உள்ளங்கை பிடிக்கும் இடமும் மற்றவற்றைவிடக் கறுத்து மினுங்கும். ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும், கசங்கிய துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும்.

புதியதைப் பழையதாக்கும் ஆசை துப்பாக்கி மாதிரிகளோடு நிற்பதில்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களும் ஆயுதங்களும் புழங்கி அழுக்கேறியவையாகக் காட்டப்பட்டன. ஹான் சோலோவின் துப்பாக்கி மவ்சர் சி-96 என்ற பழைய ஜெர்மானியக் கைத்துப்பாக்கியின்மீது கட்டப்பட்டது. வெண்கவச வீரர்கள் ஏந்தியது பிரிட்டனின் ஸ்டெர்லிங். ஃபெண்டர் நிறுவனம் 1990களிலிருந்து தேய்ந்த தோற்றமுள்ள புதுக் கிதார்களை விற்கிறது. லைக்கா 2015இல் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரியும்படி கையால் தேய்த்த கேமராவை 125 மட்டும் செய்தது.

கிதாரையும் கேமராவையும் போலப் போலித் துப்பாக்கியைத் தெருவில் எடுத்துப்போக முடியாது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு அடையாளம் இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஏர்சாஃப்ட் விளையாட்டில் முறையாகப் பங்கேற்பவர்கள் போன்ற விலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அசல்போன்ற போலிகளை விற்பதைத் தடுக்கிறது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டார், சிறுவன் இறந்துபோனான். அந்தத் துப்பாக்கியில் ஆரஞ்சு முனை இல்லை. எவ்வளவு அழகாகப் பழசாக்கினாலும் அந்த முனையின்மீது பெயின்ட் படக் கூடாது. துப்பாக்கி மூடிய பையில்தான் மைதானத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக, மேலே காப்புப் பூச்சு போடுவதா வேண்டாமா என்ற கேள்வி. மங்கல் வார்னிஷை முழுக்க அடித்தால் பென்சில்கரியின் மினுமினுப்பு செத்துவிடும். பாடுபட்டு வேறுபடுத்திய பளபளப்புகள் மறுபடி ஒன்றாகிவிடும். சாயம் ஓட்டிய இடங்களுக்கும் துருவுக்கும் மட்டும் வார்னிஷ் போட்டுவிட்டு, கிராஃபைட்டைக் கடைசியில் தேய்ப்பது என் பரிந்துரை. விளையாட விளையாட அது கொஞ்சம் உதிரும், மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். கேஸில் இயங்கும் கைத்துப்பாக்கியில் சுடும்போதெல்லாம் மேல்பாகம் முன்னும் பின்னும் ஓடும். அதன் உள்விளிம்பும் வெளிக்குழலின் முதுகும் சில வாரங்களில் தாமே வெளுத்துவிடும். அந்த இடங்களில் பெயின்டும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்.